மூன்று சுழி ‘ண’: மரபுவழி எலும்புப் புடைப்பு நோயில் ஒரு கழுத்துத் தண்டுவட அழுத்தம்

மார்ச் மாதம் அந்தப் பையன் என் அறைக்கு வந்து, காலைக் காட்டுவதற்காகக் காலணிகளைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தான். வெள்ளைப் பள்ளிக் காலணி. வலது காலணியின் நுனி ரப்பர் தேய்ந்து உள்துணி வெளியே தெரிந்தது. இடது காலணி வாங்கிய நாளில் இருந்தது போலவே இருந்தது. நடக்கும்போது வலது பாதம் தரையை உரசுகிறது என்று அந்த ஜோடியே சொல்லிவிட்டது. நானும் அதைப் பார்த்தேன், அவன் அம்மாவிடம் எடுத்துக் காட்டினேன். ஆனால் பாதம் ஏன் உரசுகிறது என்பதற்கு நான் சொன்ன காரணம் தவறு. சரியான காரணம் தெரிய ஐந்து மாதம் ஆனது.

குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இந்த நோய் உள்ள பிள்ளைகளை வளர்க்கிற பெற்றோரும், அவர்களை முதலில் பார்க்கிற பலதுறை மருந்தகத்து மருத்துவர்களும் படிக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். சொல்ல வருவது ஒன்றுதான்: உடம்பெங்கும் கைக்குத் தட்டுப்படுகிற கட்டிகள் இருக்கிற ஒருவரிடம், கைக்குத் தட்டுப்படாத கட்டியை நாம் தேட மறந்துவிடுகிறோம்.

குடும்பமும் முண்டும்

பையனுக்கு வயது 16. உயர்நிலை நான்கில் படிக்கிறான். வீடு சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில். அப்பா ஏர்கான் பொருத்தும் வேலை செய்கிறார், அம்மா பாலர் பள்ளி ஆசிரியர், ஒன்பது வயதில் ஒரு தங்கை. அப்பாவைப் பெற்ற தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். தாத்தாவின் முழங்காலிலும் தோளிலும் எலும்பு புடைத்திருக்குமாம். பாரம் தூக்கித் தூக்கி வந்தது என்று அவர் கடைசிவரை நம்பினார். அப்பாவுக்கும் அதே போல வந்தபோது “எங்க வீட்டு முண்டு” என்று பெயர் வைத்துவிட்டார்கள். அத்தைக்கும் இருக்கிறது. அப்பாவின் இடது முன்கை சற்றுக் குட்டையாகவும் வில் போல வளைந்தும் இருக்கும். அவர் அதை மறைப்பதில்லை, பெரிதாக எண்ணுவதும் இல்லை.

பையனுக்கு நான்கு வயதில் குளிப்பாட்டும்போது விலா எலும்பில் ஏதோ தடுக்குகிறதே என்று அம்மாதான் கண்டுபிடித்தார். எக்ஸ்ரேயில் இரண்டு முழங்கால்கள், கணுக்கால்கள், வலது மணிக்கட்டு, தோள் என்று பதினைந்துக்கு மேல் புடைப்புகள். 13 வயதில் வலது தொடை எலும்பின் கீழ்முனையில் இருந்த ஒன்று ஓடும்போது தசையை உரசி வலித்தது, அதை நான்தான் அகற்றினேன். அப்போதும் அவன் கழுத்தைப் பற்றி ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை.

இந்த நோய் செய்வது

மருத்துவத்தில் இதற்கு ஹெரிடிட்டரி மல்டிபிள் எக்ஸோஸ்டோசிஸ் என்று பெயர். தமிழில் மரபுவழிப் பன்மை எலும்புப் புடைப்பு நோய் எனலாம். ஏறக்குறைய 50,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தாய் தந்தை இருவரில் ஒருவருக்கு இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் இருபாலருக்கும் வரும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் ஒரு பிள்ளையிடம் புதிதாகத் தொடங்குவதும் உண்டு, பத்தில் ஒரு பங்கு அப்படி.

எலும்பு நீளமாக வளர்வது அதன் முனைக்கு அருகில் உள்ள வளர்ச்சித் தட்டில். அங்கே குருத்தெலும்புச் செல்கள் அடுக்கடுக்காக, ஒரே திசை பார்த்து நின்று வளர்கின்றன. எந்தத் திசையில், எவ்வளவு என்று அவற்றுக்குச் செய்தி போக வேண்டும். அந்தச் செய்தியைப் பிடித்து வைத்து அளவாகப் பரிமாறுகிற பொருள்களில் ஒன்று ஹெப்பாரன் சல்ஃபேட் என்னும் சர்க்கரைச் சங்கிலி. அதைக் கட்டுகிற நொதிகளுக்கான மரபணுக்கள் இஎக்ஸ்டி1, இஎக்ஸ்டி2. முதலாவது 1995இலும் இரண்டாவது 1996இலும் கண்டறியப்பட்டன. இவற்றில் ஒன்று பழுதானால் சங்கிலி குறைகிறது, திசை தவறிய சில செல்கள் பக்கவாட்டில் கிளை விடுகின்றன. கிளைக்காத தென்னை பக்கத்தில் குருத்து விட்டது போல எலும்பின் ஓரத்தில் ஒரு புடைப்பு எழும்புகிறது. அதன் உச்சியில் குருத்தெலும்புத் தொப்பி இருக்கும். உள்ளே இருக்கும் மஜ்ஜை தாய் எலும்பின் மஜ்ஜையோடு தொடர்ச்சியாக இருக்கும். இந்தத் தொடர்ச்சிதான் ஸ்கேனில் இதன் அடையாளம். ஆஸ்டியோகாண்ட்ரோமா என்பது அந்தப் புடைப்பின் பெயர்.

இது புற்று இல்லை. பிள்ளை வளர்கிற காலம்வரை வளரும், வளர்ச்சி நின்றதும் தானும் நின்றுவிடும். வாழ்நாளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்கு ஏதாவது ஒரு புடைப்பு காண்ட்ரோசார்கோமா என்னும் குருத்தெலும்புப் புற்றாக மாறலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அந்தப் பயமும், வளைந்த கைகால்களின் பராமரிப்பும்தான் பெரும்பாலும் எங்கள் கவனத்தை எடுத்துக்கொள்கின்றன. முதுகெலும்பு அந்தப் பட்டியலின் கடைசியில் எங்கோ இருக்கும்.

மார்ச்சில் நான் கண்டதும் விட்டதும்

அன்று அம்மா சொன்னது இது: “அடிக்கடி தடுக்கி விழுறான் டாக்டர். எம்ஆர்டி எஸ்கலேட்டர்ல ஏறும்போது கால் மாட்டிக்குது.”

வலது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு புடைப்பு. கெண்டைக்காலின் வெளி எலும்பான ஃபிபுலாவின் தலையில். அந்த இடத்தைச் சுற்றித்தான் பெரோனியல் நரம்பு வளைந்து போகிறது. அங்கே புடைப்பு வளர்ந்து நரம்பை நசுக்கினால் பாதம் தூக்க முடியாமல் தொங்கும். இந்த நோயில் அது நன்றாகத் தெரிந்த ஒரு சிக்கல். பாதத்தை மேலே தூக்கச் சொன்னேன், வலது பக்கம் கொஞ்சம் பலம் குறைவு. அவ்வளவுதான், எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. முழங்காலுக்கு எம்ஆர்ஐ, நரம்புக் கடத்தல் சோதனை இரண்டும் எழுதிக் கொடுத்தேன்.

நரம்புக் கடத்தல் சோதனை ஏறக்குறைய இயல்பு என்று வந்தது. அங்கேயாவது நான் நின்றிருக்க வேண்டும். எம்ஆர்ஐயில் புடைப்பு இருந்தது, நரம்பு அதை ஒட்டி ஓடியது, நசுங்கியிருக்கவில்லை. “லேசான அழுத்தம், ஆண்டுக் கடைசியில் தேர்வு முடிந்ததும் எடுத்துவிடலாம்” என்றேன். கண்முன்னே ஒரு கட்டி இருந்தது, அறிகுறி அதே காலில் இருந்தது, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டேன். அனிச்சை பார்க்கும் சுத்தியல் என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது.

ஆகஸ்ட்: இரண்டு நோட்டுப் புத்தகங்கள்

தேசிய தினம் முடிந்த வாரம் அம்மா மறுபடி வந்தார், முன்பதிவு இல்லாமல். கையில் பையனுடைய தமிழ்க் கட்டுரை நோட்டுப் புத்தகங்கள் இரண்டு. ஒன்று ஜனவரியில் தொடங்கியது, மற்றது ஜூலையில்.

“தமிழ் டீச்சர் ‘எழுத்து தெளிவில்லை’ன்னு மூணு தடவை எழுதி அனுப்பிட்டாங்க. நான்கூட சோம்பேறித்தனம்னு திட்டினேன். நேத்து ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். நீங்களே பாருங்க டாக்டர்.”

ஜனவரி நோட்டில் ‘வண்ணம்’ என்று எழுதியிருந்தான். மூன்று சுழி ‘ண’வில் மூன்று சுழியும் உருண்டு, திறந்து, ஒன்றுக்குப் பின் ஒன்றாக நின்றன. ஜூலை நோட்டிலும் அதே சொல். முதல் சுழி மட்டும் இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு கோணல் கோடாக ஒட்டிக்கொண்டு, நூல் முடிச்சு விழுந்தது போல மூடியிருந்தன. ‘ஞ’, ‘இ’, ‘ஜ’ எல்லாவற்றிலும் அதே கதை. வளைவே இல்லாத ‘ட’, ‘ப’ இரண்டும் நன்றாக இருந்தன. பேனா அழுத்தம் கூடி, தாளின் மறுபக்கம் மேடு தட்டியிருந்தது. விரல்களை நுட்பமாக உருட்டி எழுத வேண்டிய இடத்தில் மட்டும் கை தோற்றிருக்கிறது.

முழங்காலில் இருக்கும் கட்டி கையெழுத்தை மாற்றாது. வலது கால், வலது கை, இரண்டும் போகிற ஒரே பாதை கழுத்தில் இருக்கிறது.

அன்றுதான் நான் அவனிடம் உட்கார்ந்து பேசினேன். ஒவ்வொன்றாக வந்தது. சட்டைப் பொத்தான் போட நேரம் ஆகிறது, அதனால் முந்தின இரவே பொத்தான் போட்டு மாட்டிவைத்துக் காலையில் டி-சட்டை போலத் தலைவழியாகப் போட்டுக்கொள்கிறான். குளிக்கும்போது வெந்நீர் வலது காலில் சுடுகிறது, இடது காலில் சுடுவது தெரியவில்லை. “ஹீட்டர்தான் சரியில்லன்னு நெனச்சேன்” என்றான். நாஃபா உடற்தகுதித் தேர்வில் நின்ற இடத்திலிருந்து தாவிய தூரம், உயர்நிலை இரண்டில் 205 சென்டிமீட்டர். உயர்நிலை நான்கில் 171. இரண்டு ஆண்டில் ஒரு பையன் உயரமும் பலமும் கூடி வளர்கிறான், தாவும் தூரம் மட்டும் ஏறக்குறைய முக்கால் முழம் சுருங்கியிருக்கிறது. அந்த அட்டை பள்ளியில் இருந்தது, நானும் கேட்கவில்லை.

இன்னொன்று கேட்டு எனக்கு உடல் சிலிர்த்தது. ஜூன் விடுமுறையில் முடிவெட்டப் போயிருக்கிறான். வெட்டி முடித்ததும் வழக்கப்படி கழுத்தைப் பிடித்து ஒரு பக்கம் திருப்பிச் சொடக்கு எடுத்திருக்கிறார்கள். முதுகுத்தண்டு வழியாகக் கால்வரை கரண்ட் அடித்தது போல இறங்கியதாம். அதன்பிறகு குனிந்து காலணிக் கயிறு கட்டினாலும் அதே அதிர்வு.

சுத்தியல் சொன்னது

வலது கையின் அனிச்சைகள் எல்லாம் மிகையாகத் துள்ளின. நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டால் கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. அது ஹாஃப்மன் அடையாளம். வலது முழங்காலில் தட்டினால் கால் எகிறியது, கணுக்காலைத் தள்ளிப் பிடித்தால் பாதம் விடாமல் துடித்தது. உள்ளங்காலைக் கீறியபோது பெருவிரல் மேலே நிமிர்ந்தது. பெரோனியல் நரம்பு பழுதானால் இவற்றில் எதுவும் வராது. அது நரம்பின் கிளை, கிளை அறுந்தால் தசை துவளும். அனிச்சை மிகைப்பது அடிமரமான தண்டுவடத்தில் பழுது என்பதற்கு அடையாளம்.

குளிர்ந்த இசைக்கவையை இடது தொடையில் வைத்தேன். “இரும்பு மாதிரி இருக்கு, சில்லுன்னு இல்ல” என்றான். வலது தொடையில் வைத்ததும் காலை இழுத்துக்கொண்டான். இயக்கக் கட்டளை மூளையின் அடிப்பகுதியிலேயே பக்கம் மாறி, தண்டுவடத்தில் அதே பக்கமாக இறங்குகிறது. சூடு, குளிர், வலி உணர்வோ தண்டுவடத்துக்குள் நுழைந்த உடனே எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து மேலே ஏறுகிறது. ஆகவே வலது பக்கம் நசுங்கினால் வலது கைகால் தளரும், இடது கால் சூடு அறியாது. பிரவுன்-செக்கார் அமைப்பு என்று இதற்குப் பெயர். இங்கே அது முழுமையாக இல்லை என்றாலும் பக்கத்தைக் காட்டிக் கொடுக்கப் போதுமானதாக இருந்தது.

கையை மடக்கி விரிக்கும் சோதனை: பத்து நொடியில் இருபது முறைக்கு மேல் செய்வது இயல்பு. இடது கை 25, வலது கை 11. தண்டுவடச் செயல்பாட்டுக்கான 18 மதிப்பெண் அளவுகோலில் 14. சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் குறை இல்லை, அதுவரை நல்லது.

வேறு என்னவெல்லாம் இருக்கலாம் என்று யோசித்தேன். ஆசிய நாட்டு வாலிபப் பையன்களுக்குக் கை மெலிகிற ஹிராயாமா நோய் ஒன்று உண்டு, கழுத்து குனியும்போது தண்டுவடம் முன்னால் இழுபட்டு நசுங்குவது. ஆனால் அதில் கைத்தசை கண்ணுக்குத் தெரிய வற்றும், கால் பெரும்பாலும் தப்பிவிடும். இவன் கைத்தசை வற்றவில்லை. தண்டுவட அழற்சி, வட்டுப் பிதுக்கம், வேறு வகைக் கட்டி எல்லாம் பட்டியலில் இருந்தன. இருந்தாலும் உடம்பெல்லாம் புடைப்பு உள்ள பையனின் கழுத்தில் என்ன இருக்கும் என்பதை அந்த நிமிடம் ஊகிக்க முடிந்தது.

படங்கள்

சாதாரணக் கழுத்து எக்ஸ்ரேயை முதலில் எடுத்தோம். பார்வைக்கு ஒன்றும் இல்லை. கழுத்தின் பின்பக்க எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைக்கும் இடம் அது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால், முதுகெலும்புப் புடைப்பு விஷயத்தில் அந்த ஆறுதலை நம்ப வேண்டாம்.

மறுநாள் எம்ஆர்ஐ. கழுத்தின் நான்காம் எலும்பில், வளையத்தின் பின்தகட்டின் வலது உள்விளிம்பிலிருந்து ஒரு புடைப்பு தண்டுவடக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்தது. தண்டுவடம் இடது சுவரோடு அப்பி, பிறை போலத் தட்டையாகியிருந்தது. நசுங்கிய இடத்தில் அதற்குள் ஒரு வெண்திட்டு, நரம்புத் திசு ஏற்கெனவே பாதிக்கப்பட்டதற்கு அடையாளம். கழுத்துப் பகுதிக்கு மட்டும் சிடி ஸ்கேன் எடுத்தபோது புடைப்பின் அடி, நீளம், தகட்டோடு மஜ்ஜை தொடர்வது எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. அடி 13 மில்லிமீட்டர், உள்ளே நீண்டது 9 மில்லிமீட்டர். எம்ஆர்ஐயில் குருத்தெலும்புத் தொப்பி 3 மில்லிமீட்டர் தடிப்பு. பெரியவர்களுக்குத் தொப்பி 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் புற்று என்று சந்தேகிப்போம், இது அந்தப் பக்கமே போகவில்லை.

முழு முதுகெலும்பையும் எம்ஆர்ஐ எடுத்ததில் நெஞ்சுப் பகுதியில் இன்னும் இரண்டு சிறு புடைப்புகள் தெரிந்தன, இரண்டும் வெளிப்பக்கம். இந்த நோயில் முதுகெலும்பில் வருபவை கழுத்திலேயே அதிகம், அதுவும் பின்பக்க உறுப்புகளில்.

படத்தைத் திரையில் பார்த்த அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “இத நான்தானே கொடுத்தேன்” என்றார். அம்மா உடனே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மரபணு என்பது யாரும் விரும்பிக் கொடுப்பதில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். அந்த நேரத்தில் அது அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

அறுவைசிகிச்சை

கழுத்தின் புடைப்பைக் காத்திருந்து பார்க்கலாமா என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. இவனுக்கு வளர்ச்சி இன்னும் ஒன்றிரண்டு ஆண்டு இருக்கிறது, புடைப்பும் வளரும். அறிகுறி நாளுக்கு நாள் கூடுகிறது, தண்டுவடத்தில் வெண்திட்டு விழுந்துவிட்டது. இதைக் கரைக்கிற மருந்து கிடையாது. அறுவைசிகிச்சை நாள்வரை ஓட்டம், பந்து, விளையாட்டு எதுவும் வேண்டாம், கழுத்தை யாரும் தொடக்கூடாது என்றோம். பாட்டி ஒரு வர்மக்காரரைப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை, பேரன் மேல் உள்ள அக்கறை. ஆனால் இந்தக் கழுத்தில் ஒரு திருப்பு எப்படி முடியும் என்று அவருக்குத் திரையிலேயே காட்டினேன், அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

முதுகெலும்பு அறுவை நிபுணரும் நானும் சேர்ந்து செய்தோம். குப்புறப் படுக்கவைத்து, தலையை அசையாமல் பிடித்து, கைகால்களில் மின்முனைகள் பொருத்தினோம். மூளையிலிருந்து அனுப்பும் சிறு மின்தூண்டல் கைகாலுக்கு வந்து சேர்கிறதா என்பதை அறுவை முழுவதும் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு. தொடங்கும்போது வலது கையின் அலை இடது கையின் அலையில் பாதி உயரம்தான்.

பின்கழுத்தில் நடுக்கோட்டில் கீறி, வலப்பக்கத் தசையை மட்டும் விலக்கினோம். நான்காம் எலும்பின் வலது பாதித் தகட்டையும் ஐந்தாம் எலும்புத் தகட்டின் மேல்விளிம்பையும் வைரமுனைத் துளைப்பானால் நுண்ணோக்கியின் கீழ்த் தேய்த்தோம். சூடு தண்டுவடத்துக்குப் போகாமல் நீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே ஒரே விதி, புடைப்பை உள்நோக்கி அழுத்தவே கூடாது. அதன் அடியைச் சுற்றி முட்டை ஓடு அளவுக்கு மெலிதாக்கி, பிறகு வெளிப்பக்கமாகத் தூக்கி எடுக்க வேண்டும். தொப்பி தண்டுவட உறையை ஒட்டியிருந்தது, ஆனால் பிணைந்திருக்கவில்லை. மெல்லிய கரண்டியால் விலக்க விலக்க விடுபட்டு வந்தது. சுண்டலுக்கு ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு, மேலே நீலம் ஓடிய முத்து நிறத்தில் தொப்பி, முழுசாக, ஒரே துண்டாக. தொப்பியில் துளி விட்டுப்போனாலும் மறுபடி வளரக்கூடும் என்பதால் அந்த முழுமைக்குத்தான் அத்தனை நேரமும் போனது.

அது நீங்கியதும் தட்டையாக இருந்த உறை மெதுவாக உப்பித் துடிக்கத் தொடங்கியது. சில நிமிடங்களில் வலது கையின் அலையும் உயர்ந்தது.

மூட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்ததால் தகடும் திருகும் வைத்துக் கழுத்தை இறுக்கவில்லை. வளர்கிற பிள்ளைக்கு இரண்டு பக்கத் தகட்டையும் எடுத்தால் பின்னாளில் கழுத்து முன்னோக்கிக் கூனும் ஆபத்து உண்டு. ஒரு பக்கம் போதும் என்று நாங்கள் முன்கூட்டியே தீர்மானித்ததற்கு அதுவே காரணம். இறுக்கிவிட்டால் பாதுகாப்பு என்று வாதிடுபவர்கள் உண்டு. 16 வயதில் ஒரு கழுத்து மூட்டை வாழ்நாள் முழுக்கப் பூட்டுவதற்கு இன்னும் வலுவான காரணம் வேண்டும் என்பது என் கருத்து.

திசுப் பரிசோதனை சுருக்கமாக வந்தது: ஆஸ்டியோகாண்ட்ரோமா, தொப்பி 4 மில்லிமீட்டர், புற்று மாற்றம் இல்லை, விளிம்பு சுத்தம்.

மரபணுவும் உறவினரும்

பையனின் ரத்தத்தில் இஎக்ஸ்டி1 மரபணுவில் புரதத்தைப் பாதியில் நிறுத்திவிடும் ஒரு மாற்றம் கிடைத்தது. அப்பாவுக்கும் அதுவே. இஎக்ஸ்டி1 பழுதுள்ளவர்களுக்கு இஎக்ஸ்டி2 பழுதைவிடப் புடைப்புகள் அதிகமாகவும் கடுமையாகவும் இருப்பது பொதுவான போக்கு. ஆனால் ஒரே வீட்டில் ஒரே மாற்றம் உள்ள இருவருக்கு நோய் ஒரே மாதிரி இருக்காது. அப்பாவின் கை வளைந்தது, மகனின் தண்டுவடம் நசுங்கியது.

அத்தையின் கவலை வேறு. அவர் மகளுக்கு 20 வயது, உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. மரபணுச் சோதனை செய்தால் காப்புறுதி கிடைக்காமல் போகுமோ என்று கேட்டார். சிங்கப்பூரில் 2021 முதல் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதன்படி காப்புறுதி நிறுவனம் யாரையும் மரபணுச் சோதனை செய்துவரச் சொல்லக்கூடாது. நோய் வெளிப்படாத ஒருவர் முன்னறியச் செய்துகொண்ட சோதனையின் முடிவையும், குறிப்பிட்ட சில விதிவிலக்குகள் தவிர, பயன்படுத்தக்கூடாது. ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோய்க்கு இது பொருந்தாது. அத்தை இதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாருக்கும் முதுகெலும்பு எம்ஆர்ஐ வேண்டுமா?

இதில் மருத்துவர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த நோய் உள்ள 44 பேருக்கு முதுகெலும்பு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 30 பேருக்கு முதுகெலும்பில் புடைப்பு இருந்தது. 12 பேருக்கு அது தண்டுவடக் குழாய்க்குள் நீண்டிருந்தது. அதுவரை நினைத்ததைவிட இது மிக அதிகம். வளரும் பருவத்தில் ஒரு முறையாவது எம்ஆர்ஐ எடுப்பது நல்லது என்றார்கள். மறுபக்கம், புடைப்பு இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் வருவதில்லை, கண்டுபிடித்து வைத்துக் குடும்பத்தைப் பயமுறுத்துவதில் என்ன பயன், அறிகுறி வந்தால் எடுக்கலாமே என்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பையனைப் பார்ப்பதற்கு முன் நான் இரண்டாவது கட்சியில் இருந்தேன். “அறிகுறி வந்தால்” என்ற சொல்லில்தான் ஓட்டை இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அறிகுறி வந்தது. காலணியில் வந்தது, பொத்தானில் வந்தது, நாஃபா அட்டையில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அருகிலேயே எளிதான ஒரு காரணம் இருந்தது, முழங்காலில் கட்டி, சோம்பல், பழுதான ஹீட்டர். ஆகவே மயக்க மருந்து இல்லாமல் குழாய்க்குள் அசையாமல் படுக்கிற வயது வந்ததும், பெரும்பாலும் ஒன்பது பத்து வயதில், முழு முதுகெலும்புக்கு ஒரு எம்ஆர்ஐ எடுத்துவிடச் சொல்கிறேன். அதில் கதிர்வீச்சு கிடையாது. சிடி ஸ்கேனைத் தேடல் கருவியாக நான் பயன்படுத்துவதில்லை.

எம்ஆர்ஐ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஒவ்வொரு வருகையிலும் ஐந்து நிமிடம் கட்டாயம். நேர்கோட்டில் குதிகாலை விரலோடு ஒட்டி நடக்கச் சொல்வது, கையைப் பத்து நொடி மடக்கி விரிக்கச் சொல்வது, முழங்காலிலும் முழங்கையிலும் சுத்தியலால் தட்டுவது. பெற்றோர் வீட்டில் பார்க்கக்கூடியவையும் உண்டு: கையெழுத்து, காலணித் தேய்மானம், பொத்தான், குனிந்தால் முதுகில் இறங்கும் அதிர்வு, சுடுதண்ணீர் இரண்டு காலிலும் ஒன்றுபோல் சுடுகிறதா. புதிதாக நடை தள்ளாடினாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அடுத்த முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தங்கைக்கு எம்ஆர்ஐ எடுத்தோம். நோய் அவளுக்கும் இருக்கிறது, முழங்காலில் இரண்டு, விரலில் ஒன்று. முதுகெலும்பில் இடுப்புக்கு மேலே ஒரே ஒரு சிறு புடைப்பு, வெளியே பார்த்தபடி. இரண்டு ஆண்டு கழித்து மறுபடி எடுப்போம்.

ஓராண்டுக்குப் பின்

அறுவை முடிந்த மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனான். கையில் மாற்றம் முதலில் வந்தது, இரண்டாம் வாரத்திலேயே பொத்தானைத் தானே போட்டான். காலுக்கு மூன்று மாத இயன்முறைப் பயிற்சி தேவைப்பட்டது. பொதுத் தேர்வுக்குக் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பித்தோம், கிடைத்தது. ஆறாம் மாதம் வலது கை பத்து நொடியில் 22. தண்டுவட மதிப்பெண் 17. இடது காலில் சூடு இன்னும் பாதிதான் தெரிகிறது. எம்ஆர்ஐயில் தண்டுவடம் உருண்டுவிட்டது, வெண்திட்டு சிறுத்திருக்கிறது, மறையவில்லை. மார்ச்சிலேயே நான் கண்டுபிடித்திருந்தால் அது மறைந்திருக்குமா என்று அம்மா கேட்டார். “இருக்கலாம்” என்று சொன்னேன். வேறு எந்தப் பதிலும் அவருக்கு நான் கொடுக்கக்கூடாது.

குளிப்பதற்கு முன் வலது கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கும்படி அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். தேசிய சேவை மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது அறுவை அறிக்கை, எம்ஆர்ஐ எல்லாவற்றையும் கொண்டுபோகச் சொல்லி ஒரு கடிதமும் கொடுத்தாயிற்று. வளர்ச்சி நிற்கும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு கழுத்து எக்ஸ்ரே, கூன் விழுகிறதா என்று பார்க்க.

போன மாத வருகையில், எல்லாம் பேசி எழுந்த பிறகு, அப்பா கதவருகே நின்றார். “டாக்டர், என் முதுகுல தோள்பட்டை எலும்புல ஒரு முண்டு இருக்கு. சின்ன வயசுலேர்ந்து இருக்கிறதுதான். இப்ப கொஞ்ச நாளா மல்லாந்து படுத்தா வலிக்குது. பெருசான மாதிரியும் இருக்கு.”

அவருக்கு 46 வயது. வளர்ச்சி நின்று முப்பது ஆண்டு ஆகப்போகிறவரின் புடைப்பு புதிதாக வலிக்கவோ பெருக்கவோ கூடாது. அவரை மறுபடி உட்காரவைத்தேன். மகனுக்காக என் அறைக்குப் பதின்மூன்று ஆண்டாக வருகிறார், அவரைக் கட்டிலில் படுக்கச் சொன்னது அன்றுதான் முதல்முறை. எம்ஆர்ஐயில் தொப்பி 9 மில்லிமீட்டர், மேலே உராய்வுப் பை ஒன்றில் நீர் கோத்திருக்கிறது, வலிக்கும் வீக்கத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கழுத்தில் தண்டுவடக் குழாய் சுத்தமாக இருக்கிறது. மூன்று மாதத்தில் தோள்பட்டைக்கு மறுபடி எடுக்கிறோம். தொப்பி ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தாலும் காத்திருக்காமல் அகற்றிவிடுவது என்று அவரும் நானும் பேசி முடித்திருக்கிறோம்.